கிரெம்ளின்

செய்தித்தாளில் ‘கிரெம்ளின் மறுத்தது’ என்று படித்தால் ரஷ்ய அரசு மறுத்தது என்று பொருள். ஆனால் சொல்லின் அடிப்படைப் பொருள் கோட்டைதான். அதுவும் ஊருக்கு நடுவே எழுப்பிய உட்கோட்டை. ரஷ்யர்கள் இதைக் ‘கிரெம்ல்’ என்பார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘இன்’ மேற்கு ஐரோப்பிய மொழிகளின் வழியாக நமக்கு வந்தது. பழைய நாளாகமங்களில் ‘கிரெம்னிக்’ என்ற வடிவமும் உண்டு. வேர்ச்சொல் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே கிரெம்ளின் ஒன்றல்ல. நீழ்னி நோவ்கோரத், அஸ்திரகான், துலா நகரங்களிலும் உண்டு. பிஸ்கோவ் மக்கள் தங்களுடையதைக் ‘கிரோம்’ என்றும், நோவ்கோரத் மக்கள் ‘தெத்தினெத்ஸ்’ என்றும் அழைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கசானில் இருப்பது: ஒரே மதிலுக்குள் 16-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் 2005-இல் திறந்த குல் ஷரீஃப் மசூதியும் நிற்கின்றன. 2000-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மாஸ்கோவில் முதலில் மரவேலி, 1367-இல் வெள்ளைக்கல் மதில். இன்றைய செங்கல் மதில் 1485 முதல் 1495 வரை இத்தாலியக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பியது. மதில் உச்சியில் வரிசையாக நிற்கும், குருவி வால்போல் பிளந்த கொத்தளப் பற்கள் வட இத்தாலியக் கோட்டைகளின் சாயல். அந்தக் கலைஞர்களில் ஒருவரான சொலாரி 1491-இல் கட்டிய ஸ்பாஸ்கயா கோபுர வாசலுக்கு மேலே, கட்டியவர் பெயரைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டை இன்றும் காணலாம்.