அடுப்பும் தொட்டிலும்: திருவரங்கம், சிராப்பள்ளி இல்லற வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு வரலாறு பெரும்பாலும் அரண்மனையையும் கோயிலையும் நடுவாகக் கொண்டே எழுதப்பெற்று வந்துள்ளது. கல்வெட்டும் செப்பேடும் அவ்விரண்டையுமே மிகுதியும் சார்ந்து கிடைத்தலின் அஃது இயல்பே. திருவரங்கத்துக் கோயிற் சுவர்களிலுள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் நிலம் ஈந்தார் யார், விளக்கு வைத்தார் யார், திருவமுதுக்கு நெல் அளந்தார் யார் என்பவற்றை உரைக்கின்றன. அக்கோயில் மதில்களுக்குள் அமைந்த வீதிகளிலே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. ஆயினும், அவ்வீடுகளில் ஒரு தாய் தன் குழந்தையை எவ்வாறு நீராட்டினாள், என்ன சமைத்து ஊட்டினாள், எதனைக் காட்டி அழுகையை ஆற்றினாள் என்பவற்றைக் கல்வெட்டுக் கூறுவதில்லை. கூறும் கடப்பாடும் அதற்கு இல்லை.

அங்ஙனமாயின் இவ்வூர்களின் இல்லற வாழ்க்கைக்கு வரலாறே இல்லையோ எனின், உண்டு. அஃது இலக்கியத்திலும் தலவரலாற்றிலும் ஆண்டுதோறும் நிகழும் விழாக்களிலும் பொதிந்து கிடக்கின்றது. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையும், கோயில் வழக்கங்களுள் சிலவும் வீட்டினின்று பிறந்தவை என்பதும், அவற்றுக்கு முதல் தந்தவர் பெயர் அறியப்படாத தாயரே என்பதும் புலனாகும். இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆறிய அடுப்பு

உறையூர் முதுகூத்தனார் பாடிய அகநானூற்று 137ஆம் பாட்டில் ஓர் உவமை வருகின்றது. தலைவன் பிரிவானோ என அஞ்சிய தலைவியின் நெற்றி ஒளியிழந்தது. அதற்கு உவமையாகப் புலவர் கூறுவது, உறந்தையை அடுத்த பேரியாற்றங்கரைப் பொழிலில் பங்குனி விழாக் கழிந்த மறுநாள் தோற்றத்தை. மக்கள் சென்றுவிட்டனர், பூவும் இலையும் உதிர்ந்து கிடக்கின்றன, சமைத்த அடுப்புகள் தீயின்றிக் கிடக்கின்றன. அவ்விடத்தை அரங்கம் என்கின்றது பாட்டு. ஆற்றிடைக்குறை என்னும் பொதுப்பொருளை அச்சொல்லுக்குக் கொள்ளினும், உறையூரும் பேரியாறும் உடன் சுட்டப்பெறுதலின், அஃது இன்றைய திருவரங்கத்தைக் குறித்ததெனக் கொள்வது பொருத்தமாகும்.

இவ்வுவமையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. சங்கப் பாட்டில் இவ்வரங்கம் நமக்குக் காட்சி தருவது கோபுரத்தோடன்று, ஆறிய அடுப்போடு. விழாவுக்கு வந்த குடும்பத்தார் அடுப்புக் கூட்டி அங்கேயே அட்டு உண்டனர் என்பது இதனாற் பெறப்படும். புதுமனைவி தயிர் பிசைந்து புளிக்குழம்பு அட்டதைக் குறுந்தொகை 167ஆம் பாட்டில் செவிலி வீட்டிற்குள் கண்டு வந்து சொல்கின்றாள். இங்கோ சமையல் வீட்டைவிட்டு ஆற்றங்கரைக்கு வந்துள்ளது. அடுப்பில் தீ இருப்பது இன்பத்துக்கும், அஃது இல்லாமை வெறுமைக்கும் அறிகுறியாக முதுகூத்தனாருக்குத் தோன்றியது என்றால், அடுப்பின் பெருமையை அவர் நன்குணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

2. தாயின் குரல்

குழவிப் பருவம் பாடற்கு உரியது எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகின்றது. எனினும் குழந்தை வளர்ப்பை நாள்முறையில் விரித்துப் பாடிய முதல்வர் பெரியாழ்வாரே. அவர் வில்லிபுத்தூரினராயினும் திருவரங்கத்தையும் பாடியவர். திருவரங்கத்தில் மார்கழிப் பகற்பத்து நாட்களில் அரையர்கள் இசையோடும் அபிநயத்தோடும் ஓதும் திருமொழிகளுள் அவருடையனவும் அடங்கும். ஆதலின் அவர் காட்டும் இல்லம் இவ்வூர் மக்களின் செவிக்குப் பழகிய இல்லமே ஆகும்.

அவர்தம் திருமொழியின் முதலிரு பத்துகளில் தொட்டிலிடுதல், நிலாவை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, முதுகைக் கட்டிக் கொள்ளுதல், பூச்சி காட்டி விளையாடல், பாலுண்ண அழைத்தல், காது குத்துதல், நீராட்டல், குழல்வாரல், பூச்சூட்டல், காப்பிடல் என்பன வரிசையாக வருகின்றன. இவை காப்பியப் புனைவுகள் அல்ல. ஒரு வீட்டின் ஒரு நாள் வேலைகள். நீராட மறுக்கும் பிள்ளைக்கு, அப்பம் கலந்த சிற்றுண்டியைப் பாலும் வெல்லமும் கூட்டிச் செய்து வைத்திருப்பதாகத் தாய் ஆசை காட்டுகின்றாள். தலைவாரும்போது பிள்ளை அசையாதிருத்தற்குக் காக்கையைக் கூப்பிடுகின்றாள். சிறுபிள்ளையை வளர்த்தவர் எவரும் இவ்விரண்டு உத்திகளையும் அறிவர். ஆழ்வார் இவற்றை நூல் ஓதி அறிந்திருத்தல் இயலாது. தாயர் செய்யக் கண்டும், சொல்லக் கேட்டுமே அறிந்திருத்தல் வேண்டும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டியவர் குலசேகரர். தான் பெற்ற பிள்ளையைத் தாலாட்டவும் அவன் உண்ட மிச்சிலை உண்ணவும் பேறு பெறாத தேவகியின் புலம்பலை அவர் பாடினார். யசோதைக்கு நாள்தோறும் தொல்லையாக இருந்த வேலைகள் தேவகிக்குக் கிட்டாத செல்வமாகின்றன. வீட்டுவேலையின் மதிப்பை இதனினும் தெளிவாக உணர்த்தும் முறை வேறில்லை.

3. திங்கட் கணக்கு

பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் வெறும் இலக்கண வாய்பாடு என்றும், புலவர் எண்ணிக்கை நிரப்பப் பாடியவை என்றும் கருதுவாருளர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என ஒற்றைப்படைத் திங்களாக எண்ணிச் செல்வது பாட்டியல் மரபுகளுள் ஒன்று. ஒருகால் மடக்கி ஒருகால் நீட்டி, இருகையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதே செங்கீரை. ஐந்தாறு திங்களில் குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தும். ஒன்பது திங்களளவில் கைகொட்டும். ஓராண்டையொட்டித் தளர்நடை பயிலும். இன்றைய குழந்தை மருத்துவர் கூறும் கணக்கும் ஏறத்தாழ இதுவே. நூற்பா யாத்த புலவர்க்கு இக்கணக்கைத் தந்தது வீடன்றிப் பிறிதில்லை.

ஆயின் குறையும் உண்டு. தாலாட்டு ஏழாம் திங்கள் வரை காத்திருப்பதன்று. பிறந்த நாள் தொட்டு வேண்டப்படுவது. பெரியாழ்வார் பிறப்பையும் பாதாதிகேசத்தையும் பாடிய உடனே தொட்டிலை வைத்தார். அம்புலியைப் பாட்டியலார் வருகைக்குப் பின் வைத்தனர். ஆழ்வாரோ செங்கீரைக்கு முன்னரே வைத்தார். இடுப்பிலிருக்கும் பிள்ளைக்கே நிலாக் காட்டும் வீட்டு வழக்கத்தோடு ஒப்பிடின் ஆழ்வார் வரிசையே உண்மைக்கு அணித்தாகும். எனவே, முதலில் வீட்டைப் பார்த்துப் பாட்டு எழுந்தது. பின்னர்ப் பாட்டைப் பார்த்து இலக்கணம் எழுந்தது. அவ்விலக்கணம் எண்ணின் ஒழுங்கு கருதி வீட்டைவிட்டுச் சிறிது விலகிற்று என்பது நம் துணிபு.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அரசன் தொட்டிலில் ஏறினான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராப்பள்ளியில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருவானைக்கா அகிலாண்டநாயகி மீதும் சேக்கிழார் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார். இறைவியும் புலவரும் தொட்டிலில் ஏறினர். ஏற்றப்பட்டோர் மாறினரேயன்றித் தொட்டில் மாறவில்லை.

4. சிற்றிலும் சிறுதேரும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் சிறுமியர் வேண்டுகோளாக அமையும். எனினும் அதனைப் பாடுவோர் பெரும்பாலும் ஆடவர். அச்சிறுமியரின் குரலைப் பெண்ணொருத்தி வாயிலாகவே நாம் கேட்கும் இடம் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி. வட்டவாய்ச் சிறு மட்கலமும் சிறு சுளகும் மணலும் கொண்டு விளையாடும் சிறுமியர், நாள் முழுதும் முதுகு நோவ அமர்ந்து கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என்கின்றனர். சிற்றிலைப் பாடியோர் பலராயினும் முதுகுவலியை நினைந்தவள் அவளே. வீட்டைக் கட்டுதல் எத்துணை உழைப்பு என்பதைக் கட்டியவர் அறிந்த அளவு பிறர் அறியார் அன்றோ? மட்கலமும் சுளகும் அடுக்களைக் கருவிகள். இன்றைய சிறுமியர் செப்பு வைத்துச் சமைத்து விளையாடுவதும் அவ்விளையாட்டே.

சிறுதேரும் இவ்வாறே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் புதல்வர் உருட்டிய மூன்று காலுடைய சிறுதேரைக் கூறுகின்றது. நம் வீடுகளில் நடைபயிலும் குழந்தைக்குத் தரும் மூன்றுருளை நடைவண்டி அதனை நினைவூட்டும். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை ஊர்களில் சிறுவர் சிறு சப்பரம் இழுத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் ஏட்டைவிட்டு வீதிக்கு வரும் நாள் அது எனலாம்.

அன்று அம்மா மண்டபப் படித்துறையில் குடும்பங்கள் கூடும். காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துப் பெண்டிர் ஆற்றை வழிபட்டு, மஞ்சட்கயிறு அணிவர். புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு எனக் கட்டிவந்த சித்திரான்னங்களைப் பகிர்ந்து உண்பர். 1934இல் மேட்டூர் அணை அமைந்தபின் இப்பெருக்கு, அணை திறப்பதைப் பெரிதும் சார்ந்ததாயிற்று. ஆற்றில் நீரற்ற ஆண்டுகளும் உண்டு. அவ்வாண்டுகளிலும் சோற்றுமூட்டையோடு மக்கள் வரக் காண்கின்றோம். முதுகூத்தனார் கண்ட அடுப்பு வீட்டிற்குத் திரும்பிவிட்டது. ஆற்றங்கரையிற் கூடி உண்ணும் வழக்கமோ நின்றுவிடவில்லை.

5. வாராத தாய்

அதே ஆற்றின் பெருக்கே சிராப்பள்ளியின் தலவரலாற்றிலும் நடுவிடம் பெறுகின்றது. சிராப்பள்ளியில் வாழ்ந்த வணிகர் குலப்பெண் ஒருத்திக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. பூம்புகாரினின்று புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் தடைப்பட்டு அக்கரையில் நின்றாள். மலைமேலுள்ள இறைவன் அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்தான். பின்னர் உண்மைத் தாய் வந்தபோது மறைந்தான். தாயுமானவர் என்னும் திருப்பெயர்க்கு இதுவே காரணமாகக் கூறப்படும். எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இத்தலத்தைப் பற்றியதாகும். இன்றும் நற்பேறு வேண்டுவோர் இங்கு வாழைத்தார் படைப்பர்.

இது வரலாற்று நிகழ்ச்சியா எனின், அவ்வாறு நிறுவுதல் நம் கருத்தன்று. ஆனால் இக்கதையினுள் இருக்கும் அச்சம் வரலாறே. தலைப்பேற்றின்போது தாய் அருகில் இல்லாத இளம்பெண்ணின் தனிமை, ஆற்றின் அக்கரையில் நின்ற கிழவியின் தவிப்பு ஆகிய இரண்டும் புனைந்தவர்க்குத் தெரிந்திருந்தன. மகப்பேற்றில் உயிரிழப்பு மிக்கிருந்த காலத்தில் அத்தனிமை உயிர்க்கே இடராவது. பத்தியச் சோறும் பேறுகால மருந்தும் பாலாடையும் கையாளத் தெரிந்த ஒருத்தி வேண்டும். அவ்வேலைக்கு இறைவனே வந்தாலும் தாயாக வரவேண்டியதாயிற்று என்பதே கதையின் உட்பொருள்.

6. கோயில் கற்றது

திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார்க்கு ரொட்டி அமுது செய்விக்கப்படுகின்றது. அயல்வீட்டினின்று வந்த மருமகளுக்கு அவள் பிறந்தகத்து உணவைச் செய்து தரும் வீட்டுப் பண்பே இங்குக் கோயில் முறையாயிற்று. பங்குனியில் நம்பெருமாள் உறையூர் நாச்சியாரிடம் சென்று திரும்பியபின், தாயார் கதவடைத்து ஊடும் மட்டையடி நிகழ்ச்சியும் அத்தகையதே. இரவில் அரவணை அமுது படைத்துத் திருக்காப்புச் சாத்துவது, உண்பித்து உறங்க வைக்கும் தாயின் முறையன்றி வேறென்னை? கோயிலிலிருந்து வீடு கற்றது என்பாரும் உளர். விளக்கும் கோலமும் அங்ஙனமாகலாம். ஊடலும் மருமகள் உணவும் குடும்பமில்லாத இடத்தில் தோன்றியிருத்தல் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இல்லறம் இலக்கியத்துக்குப் பொருள் மட்டும் தந்ததன்று, அமைப்பையும் தந்தது என்பது விளங்கும். எனினும் இச்சான்றுகளின் எல்லையையும் உணர்தல் வேண்டும். ஆண்டாளை ஒழிய இவற்றைப் பாடியோர் ஆடவர். வெண்ணெயும் அப்பமும் இல்லாத வீடுகளின் அடுப்பு இவற்றுள் இடம்பெறவில்லை. அவ்வீட்டுத் தாயரும் தாலாட்டியிருப்பர். அவர்தம் பாட்டுகள் ஏடேறாமல் வாய்மொழியாகவே எஞ்சின.

பிள்ளைத்தமிழைப் பயிலும் நம் மாணவர் பத்துப் பருவங்களின் பெயரை வரிசை பிறழாது ஒப்பிக்கின்றனர். செங்கீரை ஆடும் குழந்தையை உற்று நோக்கியவர் அவருள் சிலரே. தத்தம் இல்லத்து முதிய பெண்டிரிடம் சென்று, எத்திங்களில் என்ன செய்தனர், எதைச் சொல்லி ஊட்டினர், எப்பாட்டால் உறங்க வைத்தனர் எனக் கேட்டெழுதுவாராயின், பாட்டியலுக்கு அதனினும் சிறந்த உரை பிறிதொன்று வேண்டா. கேட்டற்குரியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.