குழந்தையின் அழுகையும் வைத்தியசாலையின் விதியும்



1949ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் ஒரு பிள்ளை நோயுற்று வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டால், பெற்ற தாய் அதனைக் காண்பதற்கு விதி இடங்கொடுத்த நேரம் மிகச் சிறிது. ஒரு வைத்தியசாலையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம். மற்றொன்றிற் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். வேறொன்றில் முதல் மாதம் முழுவதும் சந்திப்பே கிடையாது. மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, பிள்ளை உறங்கும்போது, ஓசைபடாமல் வந்து பார்த்துச் செல்லலாம். மூன்று வயது நிரம்பாத குழந்தையைத் தடுப்புக்கு அப்பால் நின்று மட்டுமே பார்க்கலாம் என்று விதித்த வைத்தியசாலையும் இருந்தது. நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே தாயும் இராப்பகலாய் இருப்பதைக் கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும்.

இவ்விதிகளை வகுத்தோர் கல்நெஞ்சர் என்று நாம் எண்ணிவிடலாகாது. செங்காய்ச்சலும் தொண்டைக்கரப்பானும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், வெளியிலிருந்து வருவோர் தொற்றுநோயைக் கொண்டுவருவர் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயின் இரண்டாவது காரணமொன்றும் கூறப்பட்டது. தாய் வந்து திரும்பும்போதெல்லாம் பிள்ளை கதறுகின்றது. அவள் வாராதிருந்தால் இரண்டொரு நாளில் அழுகை ஓய்ந்து, கொடுத்ததை உண்டு, சொன்னபடி கிடக்கின்றது. ஆகவே தாய் வாராமையே பிள்ளைக்கு நன்று என்பது அக்காரணம். "பிள்ளை பழகிவிட்டது" என்று தாதியர் மனநிறைவோடு சொல்வர். அந்த மௌனத்தின் பொருள் யாதென்று பிள்ளையை எவரும் வினவியதில்லை. இங்கிலாந்தின் முதற் சிறுவர் வைத்தியசாலை, கிரேட் ஓமண்ட் வீதியில், டாக்டர் சார்ள்ஸ் வெஸ்ற் என்பாரின் முயற்சியாற் பத்துக் கட்டில்களுடன் 1852ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் இவ்வண்ணமே கழிந்தன.

வேறுவிதமாகச் செய்தோரும் சிலர் இருந்தனர். நியூகாசில் நகரிற் சேர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மாரையும் குழந்தைகளுடன் வைத்தியசாலையில் தங்கவைத்தார். அவர் செய்து காட்டியதைப் பிறர் பாராட்டினர். பின்பற்றினோர் மிகச் சிலரே.

நிலைமையை அசைத்தவர் வைத்தியருமல்லர், பிரபுவுமல்லர். ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அன்னா பிராய்ட் அம்மையார் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் நீர்க்கொதிகலனைப் பராமரிக்கும் வேலையிற் சேர்ந்தார். அங்கே பெற்றோரைப் பிரிந்த சிறார்களைக் கண்டதை ஒழுங்காகக் குறித்துவைக்கக் கற்றார். போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டில், ஜோன் போல்பி என்னும் உளமருத்துவரின் கீழ் இலண்டன் டவிஸ்ரொக் நிலையத்தில் அமர்ந்து, வைத்தியசாலைகளிலே சிறுவர் படும் பாட்டை ஆராயலானார். பிரிந்த பிள்ளை முதலில் எதிர்த்துக் கதறும். பின்னர் நம்பிக்கையிழந்து சோரும். இறுதியில் தாயே வந்தாலும் முகந்திருப்பும் என்று மூன்று நிலைகளை அவர் கண்டார். தாதியர் "பழகிவிட்டது" என்று கூறியது இந்த இரண்டாம், மூன்றாம் நிலைகளையே என்பது அவர் முடிவு.

சொல்லிப் பார்த்தார், வைத்தியர்கள் நம்பவில்லை. அதனாற் காட்டத் துணிந்தார். முன்பின் படப்பிடிப்பு அறியாத அவர், கையிற் பிடிக்கும் ஒரு சிறு கமராவைக்கொண்டு, இரண்டரை வயதை எட்டாத பெண்குழந்தையொன்று தொப்புள் குடலிறக்கத்திற்குச் சத்திரசிகிச்சை பெற எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்ததை ஊமைப்படமாக்கினார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்னும் பழி வாராமைப் பொருட்டு, நாள்தோறும் குறித்த வேளைகளிலேயே படம் பிடித்தார். நேரத்தை மெய்ப்பிக்கச் சுவர்க்கடிகாரமும் காட்சியிலே தெரியும்படி செய்தார். குழந்தையையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து தற்செயலாக வந்தது அது. அக்குழந்தை பெரிதாக அழவுமில்லை. வயதுக்கு மீறிய அடக்கமுடைய அது, உதட்டைக் கடித்து அழுகையை விழுங்குவதும், அம்மா எங்கே என்று இடையிடையே கேட்பதும், நாளாக ஆக வாடுவதுமே படத்திற் காண்பவை. கூச்சலிட்டு அழுதிருந்தாற்கூடப் பார்ப்போர் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

1952ஆம் ஆண்டு நவம்பரில் இப்படம் அரச வைத்தியக் கழகத்திற் காட்டப்பட்டபோது சபையிற் கோபமே எழுந்தது. வைத்தியத் தொழிலை இவர் அவதூறு செய்கின்றார். இக்குழந்தை ஒரு விதிவிலக்கு. படத்தைத் தடுக்கவேண்டும் என்றெல்லாம் கூறினர். அமர்ஷம் நகர்ச் சிறுவர் வைத்தியர் டேர்மொட் மக்கார்த்தியும் சினங்கொண்டோருள் ஒருவர். ஆனால் தம் விடுதிக்குத் திரும்பியபின், நெடுங்காலம் செவியில் விழுந்தும் கேளாதிருந்த அழுகையை அப்போதுதான் தாம் உண்மையிற் கேட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவரது விடுதியிற் தாய்மார் தங்க இடம்பெற்றனர். ரொபேட்சன் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது படம் அங்கேயே எடுக்கப்பட்டது.

இவற்றின் பயனாக, 1956ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட சேர் ஹரி பிளாட் குழுவினர் 1959ஆம் ஆண்டிலே தம் அறிக்கையை வெளியிட்டனர். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் தாய் தங்க வசதி வேண்டும் என்பன அதன் தலையாய பரிந்துரைகள். அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் அறிக்கைகள் அலமாரியில் உறங்குவது எந்நாட்டுக்கும் பொது. வைத்தியசாலைகள் பல பழைய விதியையே கைக்கொண்டிருந்தன. அதனை உறங்கவிடாமற் செய்தோர், 1961ஆம் ஆண்டில் இலண்டன் பட்டர்சீப் பகுதியில் ஒன்றுகூடிச் சங்கமமைத்த இளந்தாய்மாரே. கையில் அறிக்கையின் பிரதியுடன் அவர்கள் வைத்தியசாலைகளின் வாயிலிற் போய் நின்றனர். சங்கம் நாடெங்கும் கிளைவிட்டது.

இதுகாறும் பேசியவர் யாவர்? ஆராய்ச்சியாளர், வைத்தியர், தாய்மார். பிள்ளைக்காகப் பேசினரேயன்றிப் பிள்ளையைப் பேசவைத்தாரில்லை. கைக்குழந்தைக்கு அது போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு வயது இளைஞனுக்கும் போதுமா? இவ்வினா எழ மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அறியாமல் வைத்தியர் கருத்தடை ஆலோசனை வழங்கலாமா என்று எழுந்த கிலிக் வழக்கில், 1985ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மையை முற்ற விளங்கிக்கொள்ளும் அறிவு பிள்ளைக்கு இருக்குமாயின் அதன் சம்மதமே செல்லும் என்றனர் நீதிபதிகள். அதுவும் ஐவரில் மூவரே அவ்வாறு கூறினர். 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தின் பன்னிரண்டாம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் கருமங்களிலே தன் கருத்தைக் கூறப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்கவேண்டும் என்றும் விதித்தது. நம் இலங்கையும் 1991ஆம் ஆண்டில் அதனை ஏற்றுறுதி செய்தது.

விளங்கிக்கொள்ளும் அறிவு பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்பாருக்கு, பிரிசில்லா அல்டேர்சன் அம்மையார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விடை பகர்ந்தது. எலும்புச் சத்திரசிகிச்சைக்கு வந்திருந்த எட்டு முதற் பதினைந்து வயதுவரையான 120 பேருடன் அவர் உரையாடினார். விளக்கம் வயதை மட்டும் பற்றி வருவதன்று, நோயுடன் வாழ்ந்த அனுபவத்தால் வருவது எனக் கண்டார். பன்முறை கத்திக்கு உடலைக் கொடுத்த சிறு பிள்ளை, நோயறியாத வளர்ந்தோரைக் காட்டிலும் தெளிவாக நன்மை தீமைகளை நிறுக்கவல்லது.

வைத்தியசாலையைக் கட்டும்போதே சிறுவரைக் கலந்தாலோசிக்கும் வழக்கமும் வந்துள்ளது. லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலை 2015ஆம் ஆண்டிற் புதுக் கட்டடத்துக்கு மாறியது. அதன் அமைப்புக்குத் தூண்டுகோலானது, பதினைந்து வயதுடைய நோயாளிச் சிறுமி ஒருத்தி வரைந்த பூவின் சித்திரம். கட்டடத்தின் பகுதிகள் பூங்காவை நோக்கி நீண்டிருக்கின்றன. பிள்ளைகளின் கட்டில்களுட் பெரும்பாலானவை தனியறைகளில் உள்ளன. பெற்றோர் அருகிலேயே இரவு தங்கலாம்.

சுவரையும் சோலையையும் பற்றிப் பிள்ளைகளைக் கேட்பது எளிது. தாம் பெற்ற சிகிச்சையைப் பற்றிக் கேட்பதே வைத்தியசாலைக்குச் சங்கடமானது. அதையும் கேட்கத் துணிந்து, இங்கிலாந்தின் வைத்திய சேவைகளை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு 2014ஆம் ஆண்டில் நாடளாவிய கருத்தாய்வொன்றை நடத்தியது. எட்டு வயதுக்குக் குறைந்தோருக்காகப் பெற்றோரும், எட்டு முதற் பதினைந்து வயதுவரையானோர் தாமாகவும் விடையிறுக்கும் வகையில் வினாத்தாள்கள் அமைந்தன. ஊழியர் உனக்கு விளங்கும்படி பேசினரா, நோவைத் தணிக்கத் தம்மால் இயன்றதைச் செய்தனரா என்பன பிள்ளைகளிடம் நேரே கேட்கப்பட்டவற்றுட் சில.