7 வயசுல கல்யாணம்... செல்லம்மாள் பாரதியை இன்னைக்கு எப்படிப் புரிஞ்சுக்கிறது?

சங்கரன்கோவிலில் இருந்து கிழக்கே போனால் எட்டயபுரம். தெற்கே, மலையடிவாரத்தில் கடையம். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவே 1897-ல் ஒரு சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை சுப்பிரமணிய பாரதிக்கு 14 வயது. பொண்ணு செல்லம்மாளுக்கு 7.

'பாரதியா இப்படி?' என்று உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். அதுல தப்பே இல்லை. ஆனா, தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க.

அன்னைக்கு 'கல்யாணம்' என்ற சொல்லுக்கே அர்த்தம் வேற. பிராமணக் குடும்பங்களில் தாலி கட்டினாலும் பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். பெரியவளான பிறகு சாந்தி முகூர்த்தம் வைத்துத்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். பாரதியும் 1898-ல் அப்பா இறந்ததும் காசிக்குப் போய்விட்டார். அப்போ பிரச்னை இல்லையேன்னு விட்டுடவும் முடியாது. மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தது 1904-ல். 1890-ல் பிறந்த செல்லம்மாளுக்கு அப்போ 14 வயசுதான்!

சட்டம் தடுக்கலையா? திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்றே அப்போது கிடையாது. 1891-ல் சம்மத வயதை 10-ல் இருந்து 12-ஆக உயர்த்தியதற்கே பெரிய எதிர்ப்பு. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற சாரதா சட்டம் அமலுக்கு வந்தது 1930 ஏப்ரலில்தான்.

அதுக்காக, 'அந்தக் காலம் அப்படி' என்று மொத்தமாக மூடிவிடாதீங்க. 11 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட ருக்மாபாய், கணவர் வீட்டுக்குப் போக மறுத்ததால் 1884-லேயே பம்பாயில் வழக்கு நடந்தது. 'போ, இல்லைன்னா 6 மாசம் ஜெயில்' என்று 1887-ல் உத்தரவு வந்தபோது, ஜெயிலுக்குத் தயார் என்றார் அவர். பின்னாளில் டாக்டரும் ஆனார். ஆக, இந்தக் கேள்வியை அந்தக் காலத்துப் பெண்ணே கேட்டிருக்கிறார். நாம புதுசா ஒண்ணும் கேட்கலை.

இன்னொண்ணு. கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவங்களையும், மணையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்காதீங்க. 14 வயசுப் பையனைக் குறுக்கு விசாரணை பண்ணி என்ன ஆகப்போகுது? வளர்ந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்கலாம். பெண்கள் பூப்பெய்தும் முன் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று எழுதினார். சரி. ஆனால், 1908-ல் இருந்து 10 வருஷப் புதுச்சேரி வாழ்க்கையில் வறுமையைச் சுமந்து அடுப்பெரித்தது யார்? என்னைக் கேட்டால், பாரதி என்ற கணவரை விசாரிக்க வேண்டிய இடம் 1897 மணவறை இல்லை, அந்த அடுப்படிதான்.

அதற்குச் சாட்சியும் இருக்கு. 1921-ல் பாரதி இறந்த பிறகு, அவர் நூல்களை அச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் செல்லம்மாளும் ஒருவர். 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். பட்ட கஷ்டத்தையும் பெருமையையும் சேர்த்தே சொன்னார், எதையும் மறைக்காமல். தேடிப் படிச்சுப் பாருங்க.