குட்டி மரத்தின் வயசு என்ன?

மக்களே, இந்தப் பதிவில் பின்லாந்துக் காட்டுக்குப் போறோம். குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க :-)

அங்கே ஊசியிலை மரங்களில் முக்கியமானவை ரெண்டு: பைன், ஸ்ப்ரூஸ். பைனுக்கு வெளிச்சம் வேணும். ஸ்ப்ரூஸ் பெரிய மரங்களின் நிழலிலேயே முளைக்கும். இடுப்பு உயரத்தில் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் வந்தால், மறுபடி வளர ஆரம்பிக்கும். பார்த்தால் கன்னுக்குட்டி, வயசைக் கேட்டால் தாத்தா!

பின்லாந்தில் நிறைய காடு சாதாரணக் குடும்பங்களுக்குச் சொந்தம். பணம் தேவைப்பட்டால் பெரிய மரங்களை மட்டும் வெட்டி விற்பாங்க, சின்னதை விட்டுவைப்பாங்க. இதுக்குப் பேர் 'ஹர்சிந்தா'. ஆனா பல இடங்களில் நல்ல மரத்தையெல்லாம் எடுத்துட்டு, நோஞ்சானை மட்டும் விட்டுட்டாங்க. காடு பாழாகுதுன்னு வனவியலாளர்கள் கவலைப்பட்டது சும்மா இல்லை.

1948-ல் ஆறு வனவியல் அறிஞர்கள் சேர்ந்து ஹர்சிந்தாவுக்கு எதிராக ஓர் அறிக்கை விட்டாங்க. போர் முடிஞ்ச நேரம் அது. சோவியத்துக்கு இழப்பீடு வேறு 1952 வரை கட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்கு மரம் வேணும், நிறைய வேணும். அதன் பிறகு, மொத்தமா வெட்டி, புதுசா நட்டு, ஒரே வயசுக் காடு வளர்ப்பதே முறைன்னு ஆச்சு. வடக்கே அரசுக் காடுகளில் 1950களில் வெட்டவெளியான பரப்புகளுக்கு, அப்போதைய வனத்துறைத் தலைவர் ஓசராவின் பெயரையே வச்சு 'ஓசரா வெளிகள்'னு சொன்னாங்க. அவங்க பக்கமும் நியாயம் உண்டு. அங்கே பாசி மெத்தை மாதிரி கனமா இருக்கும், மண்ணும் சில்லுன்னு இருக்கும். அதில் விழும் விதை வேர் பிடிக்கிறது கஷ்டம்.

சிக்கல் எங்கேன்னா, வடக்குக்குப் பொருந்தினது நாடு முழுக்க நடைமுறையாச்சு. நிழலில் நின்ன குட்டி மரமெல்லாம் 'தேறாத கேஸ்'. தாத்தா வெட்டின மாதிரி சொந்தக் காட்டில் வெட்ட, சில விதிவிலக்குகள் தவிர, பேரனுக்கு வழியில்லை. புதிய வனச் சட்டம் 2014-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், பல வயசு மரங்களைச் சேர்த்து வளர்ப்பது காட்டுக்காரரின் விருப்பம்னு ஆச்சு. கணக்குப் போட்டால் 66 வருஷம். ஒரு ஸ்ப்ரூஸ் நிழலில் காத்திருக்கும் காலம்!

விவாதம் இன்னும் முடியலை. தெற்கே வேரழுகல் நோய் இருக்கும் காட்டில், நோய் கண்ட மரத்தின் வேரிலிருந்து பக்கத்துக் கன்றுக்கும் தொத்திக்கும். புதுசா இடைவெளி விழுந்தால் புயலில் சாயவும் வாய்ப்பு உண்டு. எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

எனக்குப் புரிஞ்சது இதுதான். நிழலில் நிற்கும் சின்ன மரங்களில் ரெண்டு வகை இருக்கு: நிஜமாவே நோஞ்சான், முறை வரட்டும்னு பொறுத்திருப்பது. தூர நின்னு உயரத்தை மட்டும் அளந்தால் ரெண்டும் ஒண்ணுதான். கிட்டே போய் உச்சியையும் ஊசியிலையையும் பார்த்தால்தான் எது எதுன்னு புரியும். அதைப் பார்க்க 1948-லேயே ஆள் இருந்தாங்க, காட்டுக்காரங்க. அவங்களை யாரும் கேட்கலை, அவ்வளவுதான்.