தந்திக் கம்பியும் பாடசாலைக் கணினியும்



தொலைவில் மின்னல் வெட்டும்போது வானொலிப் பெட்டிக்குள் கரகரவென்று ஓர் ஓசை எழுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வோசைக்கு நெடிய வரலாறு உண்டு.

1820ஆம் ஆண்டிலே தென்மார்க்கு அறிஞர் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியருகே காந்த ஊசி அசையக் கண்டார். 1831இல் மைக்கேல் பரடே, மாறுகின்ற காந்தப்புலம் அயற்கம்பியிலே மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என நிறுவினார். மின்பிறப்பாக்கி என்னும் பெருநன்மை இவ்வுண்மையிலிருந்தே பிறந்தது. ஒரு கம்பியின் சலனம் மற்றொன்றைக் குழப்பும் தொல்லையும் அதனுடன் கூடப் பிறந்தது.

இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்தி ஓடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் ஞாயிற்றிலிருந்து எழுந்த காந்தப்புயல், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திச் சேவையைக் குலைத்தது. மின்கலத்தைக் கழற்றிய பின்னரும் கம்பியிலே செய்தி ஓடிய விந்தையும் அன்று நிகழ்ந்தது!

தொலைபேசி வந்ததும் தொல்லை பெருகியது. ஒற்றைக் கம்பியை இழுத்து, மின்னோட்டம் திரும்பும் வழியாக நிலத்தையே பயன்படுத்திய காலம் அது. அருகிலோடும் தந்தியின் தட்டொலியும் அயலாரின் உரையாடலும் காதில் விழும். 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உபாயமோ மிக எளியது. செல்லும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் கயிறு திரிப்பதுபோல் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவதே அது. வெளிக்குழப்பம் இரண்டிலும் ஏறத்தாழச் சம அளவிற் படிவதால், முடிவிலே ஒன்றையொன்று நீக்கிவிடும். இன்றைய கணினி வலையமைப்புக் கம்பியை உரித்துப் பாருங்கள். உள்ளே அவ்வாறு முறுக்கிய நான்கு சோடிகள் இருக்கும்.

வன்னிப் பெருநிலத்துக்கு இக்கதை புறம்பானதன்று. போர்க்காலத்திலே கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பல்லாண்டுகள் தேசிய மின்வழங்கலின்றி இருந்தன. 1990இல் நின்ற புகையிரதம் 2013 செப்ரெம்பரிலேதான் கிளிநொச்சிக்கு மீண்டது. 2009க்குப் பின் இங்கு பாடசாலைகள் பல அத்திவாரத்திலிருந்தே எழுந்தன. பழைய கட்டடங்களைக் கொண்ட ஊர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இது: சுவர் பூசுமுன் கம்பிகளின் வழியை வரைந்துகொள்ளலாம். ஆயினும் மின்னிணைப்பாளர் ஒரு நாளும் கணினி பொருத்துபவர் மறு மாதமும் வந்து, இருவரும் ஒரே குழாய்க்குள் கம்பியைத் திணித்துச் செல்வதே நம்மிடையே வழக்கம். அதிபர் ஒருவர் அவ்விருவரையும் ஒரே வரைபடத்தின் முன் நிறுத்துவது, திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவதிலும் பயனுள்ள வேலையென்பேன்.

மின்கம்பிக்கும் வலைக்கம்பிக்கும் இடையே ஓரடியேனும் இடைவெளி வேண்டும். குறுக்கிட நேரின் செங்கோணமாகக் கடக்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் செல்லும் கம்பியை இன்னும் விலக்குவது நன்று.

புவித்தொடுப்பே இங்கு கடினமானது. ஆவணி வெயிலில் நம் நிலம் வரண்டு மின்னை எளிதில் ஏற்காது; ஆகவே தொடுப்புக்கோல் ஈரமண்ணை எட்டும்வரை இறங்கவேண்டும். ஐப்பசி இடிமழையிலோ, அருகில் விழும் மின்னல் இரு கட்டடங்களின் நிலங்களுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். இரண்டையும் செப்புக்கம்பி இணைத்தால், அந்த மின் கம்பிவழியே பாய்ந்து கருவிகளை எரித்துவிடும். அவ்விடத்திற்கு உலோகமற்ற கண்ணாடி இழையே தக்கது. அதில் ஓடுவது ஒளி மாத்திரமே, மின்னலுக்கு அங்கே பாதையில்லை.