விருந்தாளிக்கு யாருடைய படுக்கை?

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்ணக் கூடாது என்பதும், வந்தவரை முகம் மலர்ந்து ஏற்க வேண்டும் என்பதும், சென்றவரை அனுப்பிவிட்டு வருபவருக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் வருகின்றன. ஆனால் பத்துக் குறளிலும் படுக்கை வருவதில்லை. உண்டவர் அன்றிரவு எங்கே படுத்தார், அவருக்குப் பாய் விரித்தது யார், விரித்தவள் பிறகு எங்கே போய்ப் படுத்தாள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

தொல்காப்பியக் கற்பியல், விருந்து பேணுவதை மனைவியின் மாண்புகளுள் ஒன்றாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில், கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றை அடுக்கும் கண்ணகி, விருந்தினரை எதிர்கொள்ள முடியாமல் போனதையும் அவற்றோடு சேர்த்தே சொல்கிறாள். கணவன் இல்லாத வீட்டில் அவளால் விருந்து ஏற்க முடியாது. அதாவது, விருந்தின் பெருமை கணவன் இருக்கும் வீட்டுக்கு, அதன் வேலை மனைவிக்கு. அந்த வேலையின் பகல் பகுதியான சமையலைப் பற்றிப் பெண்கள் நிறையவே எழுதிவிட்டோம். இரவுப் பகுதி இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. வந்தவருக்கு விரிக்கும் படுக்கை சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் யாருடைய இடம் நிலையானது, யாருடைய இடம் எந்த நேரமும் காலி செய்யத்தக்கது என்பது அந்தப் படுக்கை விரியும்போதுதான் வெளிச்சமாகிறது.

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் விருந்தாளிக்கான முதல் படுக்கை திண்ணை. வழிப்போக்கர் யாரும் வந்து படுக்கலாம் என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வோம். சில வீடுகளில் தலை வைக்கத் தோதாகத் திண்ணையிலேயே திண்டும் கட்டியிருப்பார்கள். ஆனால் அந்த ‘யாரும்’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் இல்லை. சாதி இந்துக்களின் திண்ணையில் தலித் மக்கள் உட்காரக்கூட முடியாது. தனியாகப் பயணம் வந்த பெண் ஒருத்தி தெருவைப் பார்த்த திண்ணையில் படுத்து உறங்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஊரே புகழ்ந்த அந்தப் பொதுப் படுக்கை, சாதியாலும் பாலாலும் வடிகட்டப்பட்ட ஆண்களுக்கானது.

பெண் விருந்தினர் வீட்டுக்குள் வருவார்கள். உள்ளே பல வீடுகளில் ‘படுக்கையறை’ என்று ஒன்று தனியாகக் கிடையாது. பகலில் கூடமாக இருப்பதே இரவில் பாய் விரித்தால் படுக்கும் இடம். இருக்கிற ஓர் அறையில் நெல் மூட்டையும் பெட்டியும் இருக்கும். கல்யாணமான புதிதில் மகனுக்கும் மருமகளுக்கும் அது ஒழித்துத் தரப்படும். வயதான பெண்களைச் சந்தித்தால், இளமையில் நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். அதே கேள்விக்கு ஆண்கள் ஓர் இடத்தைச் சொல்வார்கள்: திண்ணை, தாழ்வாரம், மொட்டை மாடி. பெண்களிடமிருந்து பெரும்பாலும் ஒரு நேரம்தான் பதிலாக வரும்: “எல்லாரும் படுத்தப்புறம்.” எங்கே என்று மறுபடி கேட்டால், “எங்க இடம் இருந்துச்சோ அங்க” என்பார்கள். விருந்தாளி வந்த இரவுகளில் அந்த இடம் பெரும்பாலும் அடுக்களையாகவே இருந்திருக்கிறது. காலையில் முதலில் எழப்போகிறவள் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்பது கணக்கு.

பாய்க்கும் ஒரு வரிசை உண்டு. நல்ல பாய் பரணிலோ பெட்டிமேலோ சுருட்டி நிற்கும். வந்தவருக்கு மட்டும் இறங்கும். அன்றாடம் படுக்கும் பாய் ஓரம் பிய்ந்து கிடக்கும். தூரமான பெண்ணுக்கு ஒதுக்கிய பாய் எதனோடும் சேராமல் மூலையில் கிடக்கும். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கீறி, சாயம் தோய்த்து நெய்யும் பாய் உலகப் புகழ் பெற்றது. மணமக்களின் பெயரையே அதில் நெய்து தருவார்கள். அந்தப் பாயை நெய்யும் கைகளில் பெரும்பாலானவை இஸ்லாமியப் பெண்களின் கைகள். ஊர் விருந்தாளிகளுக்கு வேண்டிய மிக நல்ல படுக்கையைச் செய்பவர்களும் பெண்கள், விரிப்பவர்களும் பெண்கள். அதன்மேல் உரிமையோடு படுக்கிறவர்களின் பட்டியலில்தான் அவர்கள் கடைசி.

திருமணமான மகளின் நிலை இன்னும் விசித்திரமானது. பிறந்து வளர்ந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்திருக்கும். சுவரோரமோ, பாட்டிக்குப் பக்கத்திலோ. தாலி ஏறியதும் அங்கே அவள் விருந்தாளி. புகுந்த வீட்டிலோ அவள் விருந்தாளிக்குப் படுக்கை போடுகிறவள். இரண்டு வீடு இருந்தும் நிலையான படுக்கை ஒன்றுகூட இல்லாத வாழ்க்கையை ஒரு பெண் எழுபது ஆண்டு வாழ்ந்துவிட முடிகிறது. சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டம் 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் இந்து வாரிசுரிமைத் திருத்தமாக நாடு முழுதும் வந்துவிட்டது. அம்மா வீட்டுக்குப் போகும் மகளுக்குக் கூடத்தில் பாய் போடும் பழக்கம் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் மாறவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில், தன்னுடைய இரண்டாம் தரக் கட்டிலை மனைவி ஆன் ஹாத்வேக்கு விட்டுச் சென்றார். அது அவமதிப்பா, அன்பா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். பலர் ஏற்கும் விளக்கம் இது: அக்காலத்து வசதியான ஆங்கிலேய வீடுகளில் முதல்தரக் கட்டில் விருந்தினருக்கு. தம்பதியர் படுத்தது இரண்டாவதில். எனவே அது அன்பின் அடையாளம் என்கிறார்கள். இருக்கட்டும். என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. கட்டில்களைத் தரம் பிரித்ததும், எது யாருக்கு என்று எழுதிவைத்ததும் அவர். அந்தக் கட்டிலில் படுத்தவள் அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

படுக்கையைப் பற்றி ஒரு பெண் யோசித்தது பதிவாகியிருப்பதை நாம் 1885இல் பார்க்கலாம். சிகாகோவில் மேசை நாற்காலிக் கடை நடத்திய ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் சாரா குட், அந்த ஆண்டு ஜூலை 14 அன்று மடக்குக் கட்டில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார், எண் 3,22,177. அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவர் ஒருவர். மடித்தால் எழுது மேசை, விரித்தால் கட்டில். இடம் நெருக்கடியான நகர வீடுகளுக்கு அது தேவையாக இருந்தது. காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் சொல்லும் நோக்கங்கள் மூன்று. ஒன்று, மடித்த கட்டில் மேசையாகப் பயன்பட வேண்டும். இரண்டு, மடியும் பாகங்களின் எடைக்கு ஈடு கொடுத்து, தூக்கவும் இறக்கவும் எளிதாக்க வேண்டும். மூன்று, விரித்ததும் நடுப்பகுதிக்குத் தானாகவே தாங்கல் கிடைக்க வேண்டும்.

அந்த இரண்டாவது நோக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். படுப்பவரின் சுகம் மூன்றாவதில் இருக்கிறது. அதற்கு முன்னால், தினமும் தூக்கி இறக்கப் போகிறவரின் கையையும் முதுகையும் அவர் எண்ணியிருக்கிறார். விருந்தாளியின் படுக்கையை அதை விரிப்பவளின் பக்கமிருந்து பார்த்த எழுத்து அது. ஆனாலும் அமெரிக்காவில் இன்றும் சுவரோடு மடியும் கட்டிலுக்கு வழங்கும் பெயர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் அதைச் செய்து விற்ற மர்ஃபி என்ற ஆணின் பெயர்தான்.

1948இல் நியூயார்க்கின் காஸ்ட்ரோ நிறுவனம் தன் சோபா கட்டிலுக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. உரிமையாளரின் நான்கு வயது மகள் பெர்னடெட் தனியாக அந்தச் சோபாவை இழுத்துக் கட்டிலாக விரித்தாள். குழந்தையே விரிக்க முடிகிற அளவு எளிது என்பது செய்தி. வேலை எளிதாகிவிட்டது, உண்மைதான். யார் செய்ய வேண்டிய வேலை என்பது மட்டும் அந்தக் காட்சியில் மாறவே இல்லை.

இப்போது நம் அடுக்குமாடி வீடுகளில் சோபா-கம்-பெட், மடக்குக் கட்டில், காற்றடைத்த மெத்தை, திவான் என்று எல்லாம் கிடைக்கின்றன. வாங்கும்போது வீட்டில் நடக்கும் பேச்சு துணியின் நிறத்தையும் விலையையும் பற்றியது. சாரா குட்டின் மூன்று நோக்கங்களையே கடையில் கேள்விகளாகக் கேட்கலாம் என்பது என் கருத்து. விரிக்காதபோது இது எதற்குப் பயன்படும்? இடுப்பு வலி உள்ள ஒருத்தி தனியாக இதைத் திறந்து மூட முடியுமா? நடுவில் கம்பி முதுகில் குத்துமா, பள்ளம் விழுமா? கடையிலேயே பத்து நிமிடம் படுத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை. முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கும் அத்தைக்கும் தரையோடு தரையாக இருக்கும் மெத்தை தண்டனை. உட்கார்ந்தால் பாதம் தரையில் படிந்து, கையூன்றி எழும் உயரம் வேண்டும். பெட்டிக் கட்டிலுக்குள் மெத்தையை வைத்தால் மேல்பலகையைத் தூக்கப் போவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். இலவம் பஞ்சு மெத்தை என்றால் வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கவும் ஆள் வேண்டும்.

நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதுதான் எனக்கு மற்ற மூன்றையும்விட முக்கியம்: இந்தக் கட்டில் வந்தபின், விருந்தாளி வரும் இரவில் தன் இடத்தை விட்டு எழுந்து போக வேண்டியவர் யாராவது இருக்கிறாரா? பல வீடுகளில் அந்த ஆள் பெண் குழந்தை. மாமா வந்தால் அவள் அறையை ஒழித்துக் கொடுப்பாள். கூடத்தில் எல்லோரோடும் படுத்துக்கொள்வாள். யார் பக்கத்தில் என்று அவளைக் கேட்பவர் இல்லை. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையில் தன் படுக்கையில் உறங்குவது ஒரு சிறுமிக்குச் சொகுசு ஆகாது. விருந்தோம்பலின் பெயரால் அதை அவளிடமிருந்து வாங்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

கூடுதல் படுக்கை உண்மையிலேயே கூடுதலாக இருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஒருத்தியின் படுக்கையைக் கழித்து வந்ததாக இருக்கக் கூடாது. இதைப் படிக்கும் மாணவிகள் உங்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதி வையுங்கள்: விருந்தாளி வந்த இரவுகளில் அவர்கள் எங்கே படுத்தார்கள், எதன்மேல் படுத்தார்கள், எத்தனை மணிக்குப் படுத்தார்கள். பத்துக் குறளிலும் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.