உலைக்குப் போன பொற்காசுகள்

விற்ற காசை எண்ணி வருந்துவது பழங்காசு சேர்ப்போர்க்குப் புதிதன்று. ஆயினும் விற்ற காசு வேறொருவர் பெட்டியில் இருக்கும்; பொருள் இருந்தால் மீட்டுக்கொள்ளலாம். உலையில் உருகிய காசுக்கு அவ்வழியும் இல்லை. அமெரிக்கா 1933ஆம் ஆண்டில் அடித்த இருபது வெள்ளிப் பொற்காசு இதற்குச் சான்றாகும்.

பிலடெல்பியா நாணயச் சாலையில் 4 இலட்சத்து 45 ஆயிரத்து 500 காசுகள் அடிக்கப்பெற்றன. அதிபர் ரூஸ்வெல்ட் பொற்காசுப் புழக்கத்தை நிறுத்தியதால், அவை வெளியிடப்படாமலே 1937இல் உருக்கப்பட்டன. காட்சிசாலைக்கென இரண்டு மட்டும் ஒதுக்கப்பட்டன. எனினும் சில காசுகள் களவாக வெளியேறிச் சேகரிப்போரிடம் விலைபோயின.

1944இல் அரசு அவற்றைத் தேடத் தொடங்கியது. ஒருவர் வழக்காடி 1947இல் தோற்றார். புகழ்பெற்ற சேகரிப்பாளர் லூயி எலியாஸ்பெர்க் தம் காசை 1952இல் தாமே ஒப்படைத்தார். இவ்வாறு திரும்பிய ஒன்பது காசுகளும் உலைக்குப் போயின.

எகிப்து மன்னர் பாரூக் வாங்கிய காசோ, 1944இல் அரசு அனுமதியுடனேயே கடல் கடந்தது. அவர் முடியிழந்தபின், 1954இல் கெய்ரோ ஏலத்திலிருந்து விலக்கப்பெற்று மறைந்தது. அதுவே எனக் கருதப்படும் காசு 1996இல் நியூயார்க்கில் பிடிபட்டது. உடன்பாட்டின்பேரில் 2002இல் ஏலம் விடப்பட்டபோது 75 இலட்சத்து 90 ஆயிரத்து 20 அமெரிக்க வெள்ளிக்குப் போயிற்று. அதில் கடைசி இருபது வெள்ளி, காசின் முகமதிப்பாக அரசுக்குச் செலுத்தப்பட்டது. 2021இல் அதன் விலை 1 கோடியே 88 இலட்சத்தைத் தாண்டியது.

பின்னர் ஒரு நகை வணிகர் குடும்பத்திடம் பத்துக் காசுகள் வெளிப்பட்டன. அவை அரசுடைமையே என 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், இம்முறை அரசு உலையை மூட்டவில்லை. அவற்றைக் காத்து வைத்தது. பொன்னை மீண்டும் தோண்டலாம், வரலாற்றை மீண்டும் வார்க்க முடியாது.